பட்டப்பெயரும் சொந்தப் பெயரும்

(சபை ஆண்டுவிழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களுக்கு வைக்கும் பட்டப்பெயர்களைப் பற்றி. "இது கோயிலில் பேசுகிற விஷயமா?" என்று சில அம்மாமார் நினைக்கலாம். பேசத்தான் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் இந்த மண்டபத்தில் இருக்கிற பெரியவர்களில் பட்டம் தெளிக்காத ஒருவரும் இருக்க முடியாது. பிள்ளைகளே, 'பட்டம் தெளிக்கிறது' என்றால் யாழ்ப்பாணத்தில் பட்டப்பெயர் வைக்கிறது என்று அர்த்தம். இன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் கேளுங்கள். தன்னுடைய கணக்கு வாத்தியாரின் பட்டப்பெயர் அவருக்கு ஒரு வினாடியில் ஞாபகம் வரும்.

'பட்டம்' என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். பல்கலைக்கழகம் கொடுப்பதும் பட்டம். கடைசி வாங்கில் இருக்கிறவன் கொடுப்பதும் பட்டம். 1849இல் ஆறுமுகம் என்ற இளைஞருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' என்ற பட்டத்தைக் கொடுத்தது. எங்கள் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையில் பேர்சிவல் ஐயருக்கு உதவியாக இருந்த அதே நாவலர்தான். அந்தப் பட்டம் சபை நடுவில், அவருடைய முகத்துக்கு முன்னால் கொடுக்கப்பட்டது. கடைசி வாங்கு கொடுக்கும் பட்டம் முதுகுக்குப் பின்னால் கொடுக்கப்படுவது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

எங்கள் ஊர்ப் பட்டப்பெயர்கள் எப்படி உருவாகின? உயரமாக, கழுத்து நீண்ட ஒருவர் வந்தால் 'கொக்கர்'. தடித்த கண்ணாடி போட்டவர் 'சோடாப்புட்டி'. சத்தம் போடாமல் வந்து யன்னலுக்குப் பின்னால் நிற்கிறவர் 'பூனை'. மழையில்லாத நாளிலும் குடையோடு வருகிறவர் 'குடை மாஸ்டர்'. ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் "விளங்கிச்சுதோ?" என்று கேட்கிறவருக்கு அந்தக் கேள்வியே பெயராகிவிடும். உடம்பிலிருந்து ஒரு பெயர், நடையிலிருந்து ஒரு பெயர், வாயிலிருந்து ஒரு பெயர், கையில் கொண்டுவரும் பொருளிலிருந்து ஒரு பெயர். இந்த நாலு வழிக்குள் அநேகமாக எல்லாம் அடங்கிவிடும்.

ஒருமுறை வைத்த பெயர் இலேசில் சாகாது. அண்ணன் வகுப்பிலிருந்து தம்பி வகுப்புக்கு இறங்கும். அப்பா படித்த பாடசாலையில் மகன் சேரும்போது, முதல் நாளே அந்தப் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆசிரியருடைய பிள்ளையும் அதே பாடசாலையில்தான் படிக்கும். மைதானத்தில் எல்லோரும் சிரிக்கிறபோது, அது தன்னுடைய அப்பாவின் பெயர் என்று தெரிந்துகொண்டு, தெரியாததுபோல் நிற்கும். அந்தப் பிள்ளையைப் பற்றிக் கதை சொல்லுகிறபோது நாங்கள் யாரும் சொல்வதில்லை.

பிள்ளைகள் ஏன் இப்படிப் பெயர் வைத்தார்கள்? கெட்ட புத்தியால் மட்டும் அல்ல. அன்றைக்கு ஆசிரியருடைய பெயரை ஒரு மாணவன் வாயால் சொல்ல முடியாது. 'சேர்', 'ரீச்சர்', 'மிஸ்', 'மாஸ்டர்' என்றுதான் சொல்லலாம். பத்து 'சேர்'மார் இருக்கிற இடத்தில் எந்த 'சேர்' என்று தங்களுக்குள் பேச ஒரு பெயர் வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. ஆசிரியரின் கையில் பிரம்பு இருந்தது. மாணவனின் கையில் ஒன்றும் இல்லை. அடி வாங்கிய கையை ஊதிக்கொண்டு வாங்கில் வந்து இருக்கிறவனுக்கு, மெதுவாக ஒரு பெயரைச் சொல்லிச் சிரிப்பது மட்டும்தான் மருந்து.

பெயர் வைக்கிற அதிகாரம் எப்போதும் பலமுள்ளவர் கையில்தான் இருந்தது. வேதாகமத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் வருகிறது, தெரியுமா? தானியேலின் புத்தகம் முதலாம் அதிகாரம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட வாலிபர்களை, அரசன் மூன்று வருடம் படிக்க வைக்கிறான். அங்கே முதலில் நடந்த காரியம் என்ன? அதிகாரி தானியேலுக்கும் மூன்று நண்பர்களுக்கும் வேறு பெயர் வைத்துவிடுகிறான். அவர்களிடம் விருப்பம் கேட்கவில்லை.

எங்கள் ஊரிலும் இது வேறு விதமாக நடந்தது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் படித்த பல பிள்ளைகளுக்கு, அமெரிக்காவில் இருந்து அவர்களுடைய படிப்புக்குப் பணம் அனுப்பியவர்கள் விரும்பிய பெயர்கள் சூட்டப்பட்டன. கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று அந்தக்காலத்து அறிஞர்களின் பெயர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆனாலும், கொடுக்கிறவர் பெயர் வைத்தார், வாங்குகிறவர் சுமந்தார். மாணவன் ஆசிரியருக்கு இரகசியமாக வைத்த பெயரோ கீழே இருந்து மேலே போனது. அதனால்தான் அதைக் கேட்கிறபோது இன்றைக்கும் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

இப்போது நோர்வேக்கு வருவோம். இங்கே பாடசாலைகளில் பிள்ளைகளை அடிப்பது 1936இலேயே சட்டப்படி நிறுத்தப்பட்டுவிட்டது. 1987இல் பெற்றோர் அடிப்பதும் தடைசெய்யப்பட்டது. இங்கே ஆறு வயதுப் பிள்ளை வகுப்புக்குள் போய், "ஹெய், இங்ரிட்!" என்று ஆசிரியையின் சொந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்கிறது. 'நீ', 'நீங்கள்' என்ற பிரிவும் இந்த நாட்டுப் பேச்சில் இல்லை. முதல்முதல் பெற்றோர் கூட்டத்துக்குப் போன எங்கள் அம்மாமார் எத்தனைபேர் அதைக் கேட்டுத் திடுக்கிட்டிருப்பீர்கள்! நான் தாதிப் பயிற்சி பெற்றது இந்தியாவில். அங்கே நாங்கள் எல்லோரும் 'சிஸ்டர்'. யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. இங்கே வேலைக்கு வந்தபோது பெரிய வைத்திய நிபுணரையே எல்லோரும் முதற்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பழகுவதற்குப் பல மாதங்கள் சென்றன.

அப்படியானால், பெயரைத் தாராளமாகச் சொல்ல முடிகிற, பிரம்பில்லாத நாட்டில் பட்டப்பெயர் ஒழிந்துபோயிருக்க வேண்டுமே? ஒழியவில்லை. அதை எனக்கு விளங்கப்படுத்தியவர், முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் நான் பார்த்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. எந்த ஊர், என்ன பெயர் என்று சொல்ல மாட்டேன். அது எங்கள் தொழிலின் சட்டம்.

அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. ஒரு நாள் அவருடைய தலையை வாரிக்கொண்டிருந்தபோது, "என்னைப் பிள்ளைகள் 'காகம்' என்று கூப்பிட்டார்கள், தெரியுமா?" என்றார். எப்போதும் நீளமான கறுப்புக் கோட்டு போடுவாராம். அவர் வருவதைக் கண்டதும் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற பையன் 'கா' என்று கத்துவானாம். "எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அவர்கள் ஓடிப்போய் இருக்கிறதற்கு நேரம் கொடுக்கத்தான் நான் நடைபாதையில் மெதுவாக நடப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு வேறொரு பெயர் வைத்தார்கள்" என்றார். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தக் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்.

பிள்ளைகளே, இதில் நான் கற்றுக்கொண்டது இரண்டு காரியம். ஒன்று, ஆசிரியருக்குத் தெரியாது என்று நீங்கள் நினைக்கிற பட்டப்பெயர் ஆசிரியருக்குத் தெரியும். இரண்டு, எல்லாப் பட்டப்பெயரும் ஒன்றல்ல. கோட்டைக் கழற்றி வைக்கலாம். நடுங்குகிற கையைக் கழற்றி வைக்க முடியாது.

இந்த நாட்டில் பேர்கன் நகரில் டான் ஒல்வேயுஸ் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். பாடசாலைகளில் நடக்கிற 'மொபிங்' பற்றி உலகத்திலேயே முதலில் ஆழமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர். 1983இல் நோர்வே முழுவதும் பாடசாலைகளில் அதற்கு எதிரான முயற்சி தொடங்கியபோது, அவருடைய வேலைத்திட்டம் அதில் முக்கியமான பங்கு வகித்தது. விளையாட்டுக்குக் கேலி பண்ணுவதையும் 'மொபிங்'கையும் எப்படிப் பிரித்தறிவது? அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார். நோகச் செய்யும் எண்ணம் இருக்கும். திரும்பத் திரும்ப நடக்கும். செய்கிறவருக்கும் படுகிறவருக்கும் இடையில் பலம் சமமாக இராது. இந்த மூன்றாவது அடையாளத்தில்தான் நான் இன்று உங்களைக் கொஞ்சம் நிறுத்த விரும்புகிறேன். யார் பலமுள்ளவர்?

பிரம்பு இருந்த காலத்தில் ஆசிரியர் பலமுள்ளவர். சரி. இன்று எங்கள் தமிழ் வகுப்பில், ஞாயிறு பாடசாலையில் யார் பலமுள்ளவர்?

இது எங்கள் சபையில் அல்ல, வேறொரு ஊரில் நடந்தது. ஒரு தமிழ் வகுப்பு ரீச்சர். கிழமை முழுவதும் துப்புரவு வேலை. சனிக்கிழமை ஒரு சதமும் வாங்காமல் பிள்ளைகளுக்கு 'அ', 'ஆ' எழுதக் காட்டுவார். பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று இடையிடையே நோர்வே மொழியில் சொல்லுவார். இந்த மொழியில் தேவாலயத்தைக் குறிக்கிற சொல்லின் முதல் ஓசை எங்கள் நாக்குக்கு இலேசில் வராது. 'க'வுக்கும் 'ச'வுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற ஓசை அது. அந்த ரீச்சர் அதை நல்ல தமிழ்க் 'க'வாகச் சொல்லுவார். பிள்ளைகள் அந்தப் பிழையையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். நடைபாதையில் அவரைப்போலவே சொல்லிக்காட்டிச் சிரித்தார்கள். கதவுக்கு மறுபக்கம் அவர் நின்றிருக்கிறார். அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. வேலை நேரம் மாறிவிட்டது என்று காரணம் சொன்னார். அந்த வகுப்பை எடுக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. பதினொரு பிள்ளைகளுக்கு அந்த வருடம் தமிழ் இல்லை.

அந்தப் பிள்ளைகள் கெட்ட பிள்ளைகளா? இல்லை. அவர்களுடைய அப்பாமார் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்த 'கொக்கர்', 'சோடாப்புட்டி' கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். தாங்களும் அதே விளையாட்டைத்தான் விளையாடுகிறோம் என்று நினைத்தார்கள். ஆனால் விளையாட்டு தலைகீழாக மாறிவிட்டது. இந்த நாட்டு மொழி பிள்ளையின் கையில் இருக்கிறது. ரீச்சரின் கையில் இல்லை. அப்பாவின் காலத்தில் பிரம்பு எங்கே இருந்ததோ, இன்றைக்கு அந்த இடத்தில் மொழி இருக்கிறது. அதைப் பிடித்திருப்பவர் பத்து வயதுப் பிள்ளை. பட்டப்பெயர் இப்போது மேலே இருந்து கீழே விழுகிறது. அது நோகும்.

இந்த இடத்தில் பெரியவர்கள் எலிசா தீர்க்கதரிசியின் கதையை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவருடைய தலையில் முடியில்லாததைச் சொல்லிப் பரிகாசம் பண்ணிய பிள்ளைகள், காட்டிலிருந்து வந்த இரண்டு கரடிகள். அந்தக் கதையைச் சொல்லி நான் பிள்ளைகளைப் பயமுறுத்தப் போவதில்லை. அதற்குப் பதிலாக, பெரியவர்களாகிய நாங்களே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற ஒரு பட்டப்பெயரைக் காட்டுகிறேன்.

'சந்தேகத் தோமா'.

வேதாகமத்தில் எங்கேயும் அவருக்கு அந்தப் பெயர் இல்லை. அவருக்கு அங்கே இருக்கிற பெயர் திதிமு, அதாவது இரட்டையர். யோவான் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். லாசருவைப் பார்க்க யூதேயாவுக்குத் திரும்பிப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றச் சீஷர்கள் தயங்குகிறபோது, நாங்களும் போய் அவரோடு சாவோம் என்று சொல்லுகிறவர் இந்தத் தோமாதான். அதற்காக ஒருவரும் அவரை 'தைரியத் தோமா' என்று கூப்பிடவில்லை. உயிர்த்தெழுந்த செய்தியைப் பெண்கள் வந்து சொன்னபோது அப்போஸ்தலர் எல்லோருமே நம்பவில்லை என்று லூக்கா எழுதுகிறார். ஆனால் பட்டம் கிடைத்தது தோமாவுக்கு மட்டும். எட்டு நாளைக்குப் பிறகு ஆண்டவரைக் கண்டு, என் ஆண்டவர், என் தேவன் என்று அவர் அறிக்கையிட்டார். அதற்கும் பட்டம் இல்லை. ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் மிகவும் பலவீனமான ஒரு கிழமையை எடுத்து, அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டோம். அவர் எங்கள் பக்கம், சென்னை மயிலாப்பூர்வரை சுவிசேஷத்தோடு வந்தார் என்பது எங்கள் திருச்சபைகளின் பழைய நம்பிக்கை. அப்படிப்பட்டவரை நாங்களே இன்னும் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுகிறோம்.

இயேசு சுவாமியும் பெயர் வைத்தார். அவர் ஆசிரியர், சீஷர்கள் மாணவர்கள். சீமோனுக்குக் கேபா என்று வைத்தார். அதற்குக் கற்பாறை என்று அர்த்தம். சீமோன் அன்றைக்குப் பாறையாக இருந்தாரா? ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு முன்னால் தடுமாறப் போகிறவர் அவர். அவர் இனி என்னவாகப் போகிறாரோ அதைப் பார்த்து ஆண்டவர் பெயர் வைத்தார். யாக்கோபுக்கும் யோவானுக்கும் பொவனெர்கேஸ், இடிமுழக்கத்தின் பிள்ளைகள் என்று வைத்தார். கோபக்காரச் சகோதரர்கள் இருவருக்கும் அந்தப் பெயரைக் கேட்டு ஒரு சிரிப்பு வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். எந்தப் பெயரையும் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. அப்போஸ்தலரும் அதைக் கற்றுக்கொண்டார்கள். யோசே என்ற ஒருவரைப் பர்னபா என்று அழைத்தார்கள். ஆறுதலின் மகன் என்று அர்த்தம். இன்றைக்கு அவருடைய சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. அந்தப் பட்டப்பெயர்தான் தெரியும்.

பட்டப்பெயர் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1729ஐ அடுத்த ஆண்டுகளில் ஒக்ஸ்போர்ட்டில், லிங்கன் கல்லூரியில் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் ஜோன் வெஸ்லி. அவரும் அவருடைய தம்பி சாள்ஸும் சில நண்பர்களும் நேரம் தவறாமல் ஜெபித்து, வேதம் வாசித்து, சிறையில் இருக்கிறவர்களைப் போய்ப் பார்த்து வந்தார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த மற்ற மாணவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரு முறை வைத்துச் செய்கிறார்கள் என்று கேலியாக 'மெதடிஸ்ட்' என்று கூப்பிட்டார்கள். அந்தக் கேலிப்பெயரை அவர்கள் வெட்கப்படாமல் சுமந்தார்கள். பருத்தித்துறையில் மெதடிஸ்த பெண்கள் உயர்தரப் பாடசாலையில் படித்த அன்ரிமார் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பாடசாலையின் பெயர்ப்பலகையில் இருப்பது மாணவர் வைத்த ஒரு பட்டப்பெயர்தான். 'கிறிஸ்தவர்' என்ற பெயரையும் அந்தியோகியாவில் வெளியார்தான் எங்களுக்கு முதலில் வைத்தார்கள் என்று வேத அறிஞர் பலர் சொல்லுகிறார்கள். ஆகவே ஒரு பெயரோடு எப்படி வாழ்கிறோம் என்பது எங்கள் கையிலும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி, நோகப்பண்ணுகிறவர் தப்பிக்க முடியாது.

பிள்ளைகளே, பட்டப்பெயரே வைக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். வைப்பதற்கு முன் மூன்று காரியத்தைப் பாருங்கள். அந்தப் பெயரை அவருக்கு முன்னால் நின்று சொல்ல முடியுமா? அது அவர் கழற்றி வைக்கக்கூடிய கோட்டா, கழற்ற முடியாத கையா? இந்த இடத்தில் நீங்கள் பலமுள்ளவரா, அவரா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் வையுங்கள். அந்த ஆசிரியரும் உங்களோடு சேர்ந்து சிரிப்பார். எங்கள் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் நோர்வே மொழியில் பிழைவிட்டால், சரியான சொல்லை மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் 'ழ' சொல்லப் பழகும்வரை எத்தனை ஞாயிறு அவர்கள் பொறுத்திருந்தார்கள்!

பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பழைய பாடசாலைக் கதைகளைச் சொல்லுவதை நிறுத்த வேண்டாம். அந்தப் பாடசாலைகளில் பல உடைந்து போயின. அந்த ஆசிரியர்களில் பலர் இன்றில்லை. கதையாவது மிஞ்சட்டும். ஆனால் 'கொக்கர்' என்று சொல்லிச் சிரித்த பிறகு, அவருடைய சொந்தப் பெயரையும் சொல்லுங்கள். அவர் உங்களுக்குக் கற்றுத்தந்த ஒரு காரியத்தையும் சொல்லுங்கள். சிலருக்குப் பட்டப்பெயர் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அப்படியானால் ஊரில் இருக்கிற ஒரு பழைய நண்பருக்கு ரெலிபோன் எடுத்துக் கேளுங்கள். நல்ல மேய்ப்பன் தன்னுடைய ஆடுகளைத் தொகையாக அல்ல, ஒவ்வொன்றாகப் பெயரோடு அறிந்தவர். எங்களுக்கு எழுத்தறிவித்தவர்களுக்கு நாங்கள் அந்த அளவு மரியாதையாவது செய்யலாம்.

கீழே மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் வைத்திருக்கிறார்கள். தேநீர் குடிக்கிறபோது ஒவ்வொரு பெரியவரும் பக்கத்தில் நிற்கிற ஒரு பிள்ளைக்கு, தன்னுடைய ஆசிரியர் ஒருவரின் முழுப்பெயரைச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளே, நீங்கள் அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்.

கர்த்தர் தாமே எங்கள் ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.